டெஸ்ட்டுக்கு முன்னால் பேச வேண்டிய பேச்சு

புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர் வேலை என்று சொன்னாலே, கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்கள்: "கேன்சர்னு எப்படிங்க முகத்துக்கு நேரா சொல்வீங்க?" சொல்வது டாக்டர்தான். நான் பக்கத்தில் இருப்பேன். அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போன பிறகு, "சிஸ்டர், இப்ப டாக்டர் என்ன சொன்னாரு?" என்று ஆரம்பிப்பார்களே, அந்த நேரம்தான் என்னுடையது. கொஞ்ச நேரத்துக்கு முன் அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்ன அத்தனையும் அதற்குள் கரைந்திருக்கும். காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். அதற்குப் பிறகு சொன்ன எதுவும் உள்ளே போயிருக்காது.

அந்த நேரத்தில் பேசிப் பேசி எனக்கு உறுதிப்பட்டுப்போன ஒன்றை எழுதத்தான் இந்தப் பதிவு. ஒருவர் அன்றைக்கு இடிந்துபோவதற்கு அன்றைய செய்தி மட்டுமே காரணமாக இருப்பதில்லை. டெஸ்ட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருக்க வேண்டியதை யாரும் சொல்லாமல் விட்டதும் சேர்ந்துதான் அவரை அடிக்கிறது. இந்த டெஸ்ட் எதற்கு, என்னென்ன முடிவு வரலாம், வந்தால் அதற்கு என்ன அர்த்தம், முடிவை யாரிடம் எப்போது சொல்ல வேண்டும் என்ற பேச்சு ஊசி குத்துவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பதில்லை. "ஒண்ணும் இருக்காது, சும்மா ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

மார்பகத்தைப் படம் எடுத்துப் பார்க்கும் மேமோகிராமையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு பெண், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதே என்று எடுத்துக்கொள்கிறார். சில நாளில் போன் வருகிறது. "படத்துல ஒரு இடம் சரியா தெரியல, இன்னொரு தடவை வந்து எடுத்துக்கறீங்களா?" அவ்வளவுதான். அன்றிரவு தூக்கம் போய்விடும். பிள்ளைகளின் படிப்பு, கடன், நகை, யார் யாரைப் பார்த்துக்கொள்வார்கள் என்று விடிவதற்குள் எல்லாவற்றையும் மனதுக்குள் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்து நிற்பார்.

இதில் இருக்கிற கணக்கு சின்னதுதான். ஆயிரம் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களில் 10 பேருக்கு நோய் இருக்கிறது. மேமோகிராம் அந்தப் பத்தில் 9 பேரைப் பிடித்துவிடும். நோய் இல்லாத 990 பேரிலும் சுமார் 89 பேரின் படத்தில் ஏதோ ஒன்று சந்தேகமாகத் தெரியும். ஆக மறுபடி கூப்பிடப்படுகிறவர்கள் 98 பேர். அவர்களில் நோய் இருப்பவர்கள் 9 பேர். பத்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. ஜெர்மனியின் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் 2007-இல் 160 மகப்பேறு மருத்துவர்களிடம் இந்த விவரங்களைச் சதவீதமாகக் கொடுத்து, "படத்தில் சந்தேகம் வந்த பெண்ணுக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்டார். சரியாகச் சொன்னவர்கள் 21 சதவீதம்தான். பலர் எண்பது, தொண்ணூறு சதவீதம் என்றார்கள். சதவீதத்தை விட்டுவிட்டு மேலே சொன்னதுபோல ஆட்களை எண்ணிக் கணக்குப் போடப் பழக்கிய பிறகு 87 சதவீதம் பேர் சரியான விடை சொன்னார்கள். மருத்துவருக்கே அப்படி என்றால், போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பெண்ணுக்கு எப்படிப் புரியும்?

"நூறு பேர் எடுத்தா அதுல சிலரைத் திருப்பிக் கூப்பிடுவோம். கூப்பிட்டவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மேல ஒண்ணும் இருக்காது. கூப்பிட்டா பயந்துடாதீங்க, ஆனா வராம இருந்துடாதீங்க." இதைப் படம் எடுக்கும் முன் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடம் பல ராத்திரிகளைக் காப்பாற்றும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கெல்லாம் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்குச் செய்யும் சோதனைக்கு, அதாவது ஸ்கிரீனிங்குக்கு. கையில் கட்டி தட்டுப்படுகிறது, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் படுகிறது, மலத்தில் ரத்தம், ஆறாத வாய்ப்புண், காரணம் தெரியாமல் எடை குறைகிறது என்றால் அது ஸ்கிரீனிங் கிடையாது. அங்கே "பத்தில் ஒருவருக்குத்தானே" என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. உடனே போய்க் காட்ட வேண்டும்.

சரி, இருக்கிறது என்றே முடிவு வந்துவிட்டது. சொல்வதா, மறைப்பதா?

மறைப்பதுதான் ஒரு காலத்தில் மருத்துவத்தின் வழக்கம். டொனால்ட் ஓக்கன் 1961-இல் சிகாகோவில் ஒரு மருத்துவமனை மருத்துவர்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். கிட்டத்தட்ட அதே கேள்விகளை 1979-இல் வேறு குழு கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டு வருடத்தில் தலைகீழ். இடையில் கீமோ முன்னேறியது, பிழைப்பவர்கள் கூடினார்கள், நோயாளியின் சம்மதம் இல்லாமல் சிகிச்சை தர முடியாது என்ற சட்டமும் மனநிலையும் வந்தன. அதற்கு முன்பு நாட்டையே ஆண்டவர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. அர்ஜென்டினா அதிபரின் மனைவி எவா பெரோன் 1952-இல் கருப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்தார். என்ன நோய் என்பதை அவரிடம் மறைத்தே வைத்திருந்தார்கள். ஜப்பானில் இந்த வழக்கம் இன்னும் நீண்டது. 1989 ஜனவரியில் இறந்த பேரரசர் ஹிரோஹிதோவிடமும் புற்றுநோய் என்று சொல்லவில்லை.

மருத்துவர்கள் மாறிவிட்டார்கள். வீடுகள் இன்னும் அப்படியே மாறவில்லை. அன்பினால்தான் மறைக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஒரு அம்மா. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். மகன் வராந்தாவிலேயே என்னை மறித்துவிட்டார். "சிஸ்டர், அம்மாவுக்கு பிரஷர் இருக்கு, தாங்க மாட்டாங்க. சாதாரணக் கட்டி, கரைக்க மருந்து போடறாங்கன்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்க எதுவும் வாய விட்டுடாதீங்க." நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. "அம்மாகிட்ட நானா போய்ச் சொல்ல மாட்டேன் தம்பி. அவங்களா கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்" என்றேன். உள்ளே போய்ப் பிரஷர் பட்டையைக் கையில் சுற்றிக் காற்று ஏற்றிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏன் கண்ணு, எனக்கு வந்தது என் பொண்ணுக்கும் வருமா?"

அந்த அம்மா "எனக்கு என்ன?" என்று கேட்கவே இல்லை. வாசலில் இருக்கிற பலகையைப் படிக்கத் தெரிந்தவர். பக்கத்துக் கட்டிலில் தலையில் துணி கட்டியிருந்த பெண்ணிடம் எப்போதோ பேச்சுக் கொடுத்திருக்கிறார். "அடுத்தது கரண்ட் வைப்பாங்களாமே" என்று கதிர்வீச்சைப் பற்றி அவரே சொன்னார். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டு மகனுக்காக நடித்துக்கொண்டிருந்தார். மகன் அவருக்காக நடித்துக்கொண்டிருந்தார். இந்த நடிப்பில் யாருமே கவனிக்காமல் விட்டது அந்த மகளை. அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக மகளிடமும் அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தார்கள். அவர் தன்னைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வியே எழவில்லை.

ரகசியத்தின் செலவு இதுதான். பரம்பரையாக வருகிற மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரின் ரத்தத்தை. அவருக்கு நோய் என்பதே தெரியாமல் அந்தச் சம்மதத்தை எப்படி வாங்குவது? பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் அது ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பில் போகிறது, மகனுக்கும் மகளுக்கும். 2017-இல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, அந்தக் கோளாறு உள்ள நூறு பெண்களில் சுமார் 72 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோய். ஒரு குடும்பம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இல்லையா இது?

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த மகளைத் தேவையில்லாமல் பயமுறுத்தியவர்கள் ஆவோம். மார்பகப் புற்றுநோய் வருகிற பெரும்பாலான குடும்பங்களில் இந்தக் கோளாறு இருப்பதில்லை. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2001-இல் வெளியான கணக்கு ஒன்று உண்டு, வளர்ந்த நாடுகளுக்கானது. தாய், சகோதரி, மகள் யாருக்கும் இந்த நோய் இல்லாத நூறு பெண்களில் 80 வயதுக்குள் ஏறக்குறைய 8 பேருக்கு நோய் வருகிறது. ஒருவருக்கு இருந்திருந்தால் 13 பேருக்கு. இருவருக்கு இருந்திருந்தால் 21 பேருக்கு. "அம்மாவுக்கு இருந்தா உங்களுக்கு ரிஸ்க் ஏறக்குறைய ரெண்டு மடங்கு" என்று சொன்னால் கேட்பவருக்குத் தலை சுற்றும். "நூறு பேர்ல எட்டுங்கறது பதிமூணு ஆகும், மீதி எண்பத்தேழு பேருக்கு அந்த வயசு வரைக்கும் வராது" என்றால் உட்கார்ந்து யோசிக்க முடியும். இரண்டுமே ஒரே கணக்கிலிருந்து வருபவைதான். நோய் வந்த ஒன்பது பெண்களில் எட்டுப் பேருக்கு அப்படிப்பட்ட நெருங்கிய உறவில் யாருக்குமே அது இருந்ததில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. "எங்க வம்சத்துலயே கிடையாது" என்று சோதனைக்கு வராமல் இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் என்ன செய்தோம் என்றால், டாக்டர் மகனை வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டார்: "உங்க உடம்பைப் பத்தி இதுவரைக்கும் என்ன தெரிஞ்சுக்கிட்டீங்கம்மா? இன்னும் என்ன தெரியணும்? நான் உங்ககிட்ட சொல்லட்டுமா, இல்ல தம்பிகிட்ட பேசிக்கட்டுமா?" ராபர்ட் பக்மன், வால்டர் பெய்ல் போன்ற மருத்துவர்கள் 2000-இல் எழுதிவைத்த ஆறு படி முறை ஒன்று இன்று பல நாடுகளில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: செய்தியைச் சொல்வதற்கு முன்னால், அவருக்கு என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள். "எல்லாம் என் பையன் பாத்துப்பான், எனக்கு எதுவும் சொல்லாதீங்க" என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவு, மதிக்க வேண்டியதுதான். அந்த முடிவை அவருக்கு முன்னால் வேறொருவர் எடுத்துவிடுவதைத்தான் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். இந்தக் கேள்வியைச் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பும் அன்றே கேட்டுவிட்டால், வராந்தாவில் யாரும் யாரையும் மறிக்க வேண்டியிருக்காது. முடிவு தெரியாதபோது அந்தக் கேள்விக்கு யாரும் அவ்வளவு பயப்படுவதும் இல்லை.

ஸ்கிரீனிங் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் தயங்குகிற ஒரு பகுதிக்கு வருகிறேன். "சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லது" என்பது சில புற்றுநோய்களுக்கு அப்படியே உண்மை, சிலவற்றுக்குப் பாதி உண்மை. ஒன்றிரண்டில் அது கெடுதலாகவே முடிந்திருக்கிறது.

முழு உண்மைக்கு உதாரணம் கருப்பை வாய். இங்கே சோதனை தேடுவது புற்றுநோயை விடவும், அதற்கு வெகுகாலம் முன்பே ஏற்படுகிற மாற்றத்தை. ஹெச்பிவி என்ற வைரஸ் தொற்றிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பதினைந்து இருபது வருடம் ஆகும். இடையில் பிடித்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம். ஒரு பெண் 35 வயதுக்குள் ஒரு தடவையும் 45 வயதுக்குள் இன்னொரு தடவையும் நல்ல தரமான சோதனை செய்துகொள்ள வேண்டும், எழுபது சதவீதப் பெண்களுக்காவது அது கிடைக்க வேண்டும் என்று 2030-க்கான இலக்காக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. நான் பார்க்கிற எல்லாப் பெண்களிடமும் தயங்காமல் சொல்வது இது.

ஆனால் இந்த நல்ல சோதனையிலும் முன்பேச்சு இல்லாவிட்டால் வீடு இரண்டாகிவிடும். "ஹெச்பிவி பாசிட்டிவ்" என்று தாளில் பார்த்தவுடன் கேன்சர் என்று நினைத்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அது புற்றுநோய் கிடையாது. பெரும்பாலான தொற்றுகள் இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். அதைவிட மோசம், உடலுறவில் பரவுகிற வைரஸ் என்று எங்கோ படித்துவிட்டு, "இது யார்கிட்டேருந்து வந்தது?" என்று கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்ப்பது. இந்த வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் உள்ளேயே இருக்கும். இன்றைக்குப் பாசிட்டிவ் என்று வந்ததை வைத்து எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த இரண்டு வாக்கியத்தையும் மாதிரி எடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். முடிவு வந்த பிறகு சொன்னால் அது சமாதானம் சொல்வதுபோலத்தான் கேட்கிறது, யாரும் நம்புவதில்லை.

கெடுதலாக முடிந்ததற்கு உதாரணம் ஜப்பானில் கைக்குழந்தைகளுக்கு நடத்திய சோதனை. நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோயைத் தேடி 1980-களின் நடுவிலிருந்து ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரை நாடு முழுக்கச் சோதித்தார்கள். நிறையக் குழந்தைகளுக்கு இருப்பதாகத் தெரிந்தது. அறுவை, கீமோ எல்லாம் நடந்தன. பிறகுதான் தெரிந்தது, அந்த வயதில் சிக்குகிற கட்டிகளில் பல தாமாகவே கரைந்துபோகிறவை. கொல்லக்கூடிய வகை இந்தச் சோதனையில் அவ்வளவாகச் சிக்குவதில்லை. கனடாவிலும் ஜெர்மனியிலும் செய்து பார்த்த ஆய்வுகள் மரணம் குறையவில்லை என்று காட்டிய பிறகு, 2003-இல் ஜப்பான் அரசு அதை நிறுத்த முடிவெடுத்தது.

தென் கொரியாவில் 1999-இல் தேசிய அளவில் புற்றுநோய் ஸ்கிரீனிங் தொடங்கியபோது, கழுத்துக்கு அல்ட்ராசவுண்டும் கூடுதலாக எடுத்துக்கொள்வது பரவியது. 2011-இல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-ஐப் போலப் பதினைந்து மடங்கு. ஆனால் அந்த நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை அசையவில்லை. அவ்வளவு பேரைக் காப்பாற்றியிருந்தால் இறப்பு குறைந்திருக்க வேண்டுமே? அவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தைராய்டு முழுதாகவோ பாதியோ எடுக்கப்பட்டது. பலருக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை, சிலருக்குக் குரல் நரம்பு பாதிப்பு. மருத்துவர்கள் சிலர் 2014-இல் வெளிப்படையாக எச்சரித்த பிறகு ஒரே வருடத்தில் அந்த அறுவைச் சிகிச்சைகள் சுமார் 35 சதவீதம் குறைந்தன.

மார்பகம் இடையில் நிற்கிறது. பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையில் ஒரு சுயேச்சைக் குழு 2012-இல் கணக்குப் பார்த்தது. 50 வயதிலிருந்து இருபது வருடம் 10,000 பெண்களை ஸ்கிரீனிங்குக்கு அழைத்தால் 43 பேர் அந்த நோயால் இறப்பது தடுக்கப்படுகிறது. 129 பேருக்கு, வாழ்நாளில் தொந்தரவே கொடுத்திருக்காத ஒரு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சையும் நடக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், தான் அந்த 43-இல் ஒருவரா, 129-இல் ஒருவரா என்பது எந்தப் பெண்ணுக்கும் கடைசிவரை தெரியாது. எல்லோருமே "நல்லவேளை, சீக்கிரம் பாத்துட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொன்னால் பெண்கள் வராமல் போய்விடுவார்களே என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டையும் கேட்டுவிட்டு "பரவாயில்ல, எடுங்க" என்று சொல்கிற பெண்களே அதிகம். வேண்டாம் என்று போகிறவரும் உண்டு. நானாக இருந்தால் எடுத்துக்கொள்வேன். ஆனால் என் தீர்மானத்தை அவர் மேல் ஏற்ற எனக்கு உரிமை இல்லை. பிரிட்டனில் இதற்குப் பிறகு அழைப்போடு அனுப்பும் கையேட்டையே மாற்றி, இரண்டு பக்கத்தையும் அச்சிட்டார்கள்.

ஸ்கிரீனிங்கை விளம்பரப்படுத்த "ஐந்து வருடம் உயிரோடிருப்பவர்கள் இத்தனை சதவீதம்" என்று காட்டுவது இன்னொரு தொல்லை. ஒருவருக்கு 69 வயதில் அறிகுறி வந்து, ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிகிறது, 72-இல் இறக்கிறார். அதே நோய், அதே வேகம். ரத்தச் சோதனையால் 64-இலேயே தெரிந்திருந்தாலும் 72-இல்தான் இறந்திருப்பார் என்று வையுங்கள். முதல் கணக்கில் அவர் ஐந்து வருடம் தாண்டவில்லை, இரண்டாவதில் தாண்டிவிட்டார். ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை; நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த காலம்தான் கூடியது. நியூயார்க் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி 2007-இல், புரோஸ்டேட் புற்றுநோயிலிருந்து பிழைக்கும் வாய்ப்பு அமெரிக்காவில் 82 சதவீதம், இங்கிலாந்தில் 44 சதவீதம்தான் என்று பிரசாரம் செய்தார். மக்கள்தொகையில் அந்த நோயால் இறந்தவர்களைக் கணக்கிட்டால் இரண்டு நாட்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஸ்கிரீனிங் பலன் தருகிறதா என்று தெரிய வேண்டுமானால் "எத்தனை பேர் சாகாமல் தடுத்தது?" என்றுதான் கேட்க வேண்டும்.

சொல்கிற விதம் முடிவையே மாற்றிவிடும் என்பதற்கு 1982-இல் நடந்த ஒரு ஆய்வு போதும். நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவையா, கதிர்வீச்சா என்று கேட்டார்கள். ஒரு பிரிவினரிடம் பிழைப்பவர்களின் எண்ணிக்கையாகச் சொன்னபோது கதிர்வீச்சைத் தேர்ந்தவர்கள் 18 சதவீதம். அதே எண்களை இறப்பவர்களின் எண்ணிக்கையாக மாற்றிச் சொன்னபோது 44 சதவீதம். மருத்துவர்களும் இதில் தப்பவில்லை. அதனால் டாக்டர் "நூத்துக்குத் தொண்ணூறு பேர் பொழைக்கறாங்க" என்று சொன்னால், "மீதிப் பத்துப் பேருக்கு என்ன ஆகுது?" என்று கேட்க நான் குடும்பத்தாருக்குச் சொல்லித்தருகிறேன்.

அடுத்து எல்லோரும் கேட்கிற கேள்வி: "எத்தனை நாள் தாங்கும் சிஸ்டர்?"

இதற்கு ஒற்றை எண் சொல்வது தப்பு என்பது என் திடமான எண்ணம். உயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்டுக்கு 1982-இல் வயிற்றுப் பகுதியில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்தது. கண்டுபிடித்ததிலிருந்து நடுக்கணக்கு எட்டு மாதம் என்று அப்போதைய புத்தகங்கள் சொல்லின. பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் போய்விடுகிறார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். மீதிப் பாதிப் பேர் அதைத் தாண்டுகிறார்கள், சிலர் வெகுதூரம் தாண்டுகிறார்கள் என்று அவர் தன் நோயை வைத்தே விளக்கினார். இருபது வருடம் வாழ்ந்து 2002-இல் வேறொரு புற்றுநோயில் இறந்தார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. முற்றிய நோயில் சுமார் பாதிப் பேர், அந்த நடுக்கணக்கின் பாதிக்கும் இரட்டிப்புக்கும் நடுவில் இருப்பார்கள் என்று சொல்லும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. "ஒரு வருஷம்" என்பதற்குப் பதில், "பாதிப் பேருக்கு ஆறு மாசத்துலேருந்து ரெண்டு வருஷம் வரைக்கும், சிலருக்கு அதைவிடக் குறைவு, சிலருக்கு அதைவிட அதிகம்" என்று சொல்லலாம். கேட்பவர் மகளின் கல்யாணத்தை எப்போது வைக்கலாம் என்று தீர்மானிக்க இது உதவும். காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்க வைக்காது.

சொல்லாமல் விடுகிற இன்னொன்று, சிகிச்சையின் நோக்கம். பரவிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்ட அமெரிக்க நோயாளிகளை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் 69 சதவீதம் பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் உள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்கும் அந்த மருந்து நோயைக் குணமாக்கப் போவதில்லை என்பது புரிந்திருக்கவில்லை. மறைக்கும் வழக்கம் ஒழிந்துவிட்டதாகச் சொல்லப்படுகிற நாட்டில் இது. நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். மருந்து எதற்கு என்பது போய்ச் சேரவில்லை. "இது குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா, வலியைக் குறைக்கவா?" இந்தக் கேள்வியை முதல் டோஸுக்கு முன்பே கேளுங்கள். கட்டுப்படுத்தத்தான் என்று பதில் வந்தால், வலித் தணிப்புப் பிரிவையும் அன்றிலிருந்தே சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். "எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னா அங்க அனுப்பறாங்க" என்று பயந்து வேண்டாம் என்கிறார்கள். 2010-இல் பரவிய நுரையீரல் புற்றுநோய் நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், ஆரம்பத்திலேயே அந்தக் கவனிப்பும் கிடைத்தவர்கள் மனச்சோர்வு குறைவாக இருந்ததோடு, நடுக்கணக்கில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம்.

இப்போதெல்லாம் எங்களுக்கு முன்பே முடிவு கைபேசிக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் 2021 ஏப்ரலிலிருந்து சோதனை முடிவுகளைத் தாமதமின்றி நோயாளிக்குக் காட்ட வேண்டும் என்பது விதியாகிவிட்டது. அங்கே எட்டாயிரம் பேருக்கு மேல் கேட்ட கணக்கெடுப்பில் 96 சதவீதம் பேர், டாக்டர் பார்ப்பதற்கு முன்பே வந்தாலும் பரவாயில்லை, உடனே வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான், அது அவர்களுடைய உடம்பு. ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு, "மாலிக்னன்ட்" (புற்றுநோய்த் தன்மை உள்ளது) என்ற சொல்லைத் தேடுபொறியில் போட்டுப் பார்க்கிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

அதனால் சதை எடுக்கும் அன்றே சில விஷயங்களைப் பேசி முடித்துவிடுகிறோம். ரிப்போர்ட் வந்தால் நீங்களே திறப்பீர்களா, நேரில் வரும்வரை மூடியே வைப்பீர்களா? பக்கத்தில் யார் இருக்க வேண்டும்? என்னென்ன சொற்கள் வரலாம், எது பயப்பட வேண்டாதது, எது வந்தால் அன்றே கூப்பிட வேண்டும்? பேசுவதை ஒலிப்பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களிடம், டாக்டரின் சம்மதம் வாங்கித் தாராளமாகச் செய்துகொள்ளச் சொல்கிறேன். வீட்டில் மறுபடி போட்டுக் கேட்கும்போதுதான் பாதி விஷயம் காதில் ஏறுகிறது. அப்புறம், ரிப்போர்ட் எந்த நாளில் வரும் என்று லேபில் கேட்டு, அதற்கு மறுநாளே டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுக்கிறோம். அந்த நாள் வார இறுதியில் விழுந்து, அவசரமும் இல்லையென்றால் டெஸ்ட்டையே இரண்டு நாள் தள்ளி வைக்கிறோம்.